இரண்டாவது வரிசையில் மூன்றாவது கல்லறை

முப்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம், மயிலாப்பூரில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ வயது. கடைகளுக்கும் வீடுகளுக்கும் பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில். மாம்பலத்துப் பக்கம் ஏரியைத் தூர்த்து, தியாகராய நகர் என்று புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். வீடு கட்டிய அத்தனை பேருக்கும் வாசலில் பெயர் போட்டுக்கொள்ளும் ஆசை இருந்தது. வக்கீல், டாக்டர், ஓய்வுபெற்ற தாசில்தார் என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டார்கள். தமிழ், இங்கிலீஷ் இரண்டும் எழுதுவேன். என் எழுத்தை நின்று பார்க்காமல் யாரும் தாண்டிப் போகமாட்டார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்தத் தலைக்கனத்துக்கு இந்தச் சம்பவத்தில் பெரிய பங்கு இருப்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் மாட வீதியில் ஏணி மேல் நின்று ஒரு மளிகைக் கடைப் பலகையின் கடைசி எழுத்தை முடித்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து ஒருவர், "தம்பி, கல்லறையில எழுதுவீங்களா?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். வெள்ளை வேட்டி, கோட்டு, கழுத்தில் சிலுவை. கடலோரம் பரங்கிக்காரர்கள் கட்டிய பழைய மாதா கோயிலின் உபதேசியார் அவர். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பதிலிருந்து மணி அடிப்பதுவரை, சாமியாருக்கு அடுத்தபடியாக எல்லாக் காரியத்தையும் பார்ப்பவர்.

நவம்பர் இரண்டாம் தேதி கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். அன்றைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து, செத்துப்போனவர்களின் கல்லறையில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் எல்லாக் கல்லறைகளுக்கும் வெள்ளையடித்துப் பெயர்களைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை உபதேசியாரே குச்சியில் தாரைத் தொட்டு எழுதிவந்தாராம். கண் மங்கிவிட்டதால் இந்த வருஷம் தொழில்காரன் வந்து எழுதட்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். "எங்கே எழுதச் சொன்னாலும் எழுதுவேன்" என்றேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னதும் முகம் சுருங்கியது. "போய் வா. ஆனா கிணத்தடியைத் தாண்டி உள்ள வரதுக்கு முன்னாடி தலைக்கு ஊத்திக்கணும்" என்றாள். அந்த வாரம் முழுவதும் மழையிலும் நனைந்தேன், கிணற்றடியிலும் நனைந்தேன்.

நான் மாதா கோயிலுக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டேன். உள்ளே தரை முழுவதும் கல்லறைப் பலகைகள். கப்பலில் வந்து, இங்கேயே வீடு வாசல் என்று தங்கி, இங்கேயே மண்ணுக்குள் போன பரங்கிக் குடும்பங்கள். பெரிய பெரிய கருங்கல். கல்லில் கேடயம், கிரீடம், ஒரு மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே புரியாத பாஷையில் பத்து வரி. மனிதனைப் புதைத்த கல்லைக் காலால் மிதிப்பதா என்று நான் விளிம்பு விளிம்பாகத் தாண்டித் தாண்டிப் போனேன். உபதேசியார் சிரித்துவிட்டார்.

"மிதிச்சே வாங்க தம்பி. ஜனங்க நடந்து போற எடத்துலதான் எங்களைப் பொதைக்கணும்னு அவங்களே ஆசைப்பட்டுக் கேட்டுக்கிட்டது."

அப்படியும் எனக்குக் கால் வரவில்லை. ஆனால் எழுத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பாஷை தெரியாவிட்டால் என்ன, எழுத்து எழுத்துதானே. அப்படியே மண்டி போட்டு விரலால் தடவிப் பார்த்தேன். இருநூறு, முந்நூறு வருஷம் ஆகியும் ஓரம் மழுங்கவில்லை. ஒரு கல்லில் கடைசி வரிக்கு இடம் போதாமல் இரண்டு எழுத்தைச் சின்னதாக்கி மேலே ஏற்றிச் செதுக்கியிருந்தான் அந்தக் காலத்துச் சிற்பி. எங்கள் தொழிலில் அந்த அவமானத்தை நானும் பட்டிருக்கிறேன். அவனைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று. "இவங்க வாரிசு யாராவது வருவாங்களா?" என்று கேட்டேன். உபதேசியார் உதட்டைப் பிதுக்கினார். "நானும் இருபது வருஷமாப் பாக்கறேன், ஒருத்தரும் வந்ததில்ல" என்றார்.

எனக்கு வேலை உள்ளே இல்லை, கோயிலுக்குப் பின்னால். அங்கேயும் முன்பாதியில் பரங்கிக்காரர்களின் கல் மேடைகள்தான். மதில் ஓரமாகக் கிடந்த மீதி இடத்தில் கோயிலைச் சேர்ந்த ஏழைகளின் கல்லறைகள் நான்கு வரிசை. கடலுக்குப் போகிற குப்பத்து ஜனங்கள், அடையாற்றுப் பங்களாக்களில் சமையல் பார்த்தவர்கள், ஆயாவாக இருந்தவர்கள், டிராம் கம்பெனியில் சின்ன வேலை பார்த்தவர்கள். கருங்கல் எல்லாம் இல்லை. செங்கல் வைத்துக் காரை பூசிய மேடு, தலைமாட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிலுவை, அதில் தாரால் பெயரும் வயதும். ஒரு வருஷ வெயிலிலும் மழையிலும் பாதி எழுத்து போயிருந்தது.

முதல் வேலையாக, சுண்ணாம்பு ஏறுவதற்கு முன் இருக்கிற பெயர்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். முதல் வரிசையைத் தெருப்பக்கத்து முனையில் ஆரம்பித்து, ஒவ்வொரு சிலுவையாகப் படித்து எழுதிக்கொண்டே மதில்வரை போனேன். மதில் வந்ததும் திரும்பி, இரண்டாவது வரிசையை அங்கிருந்தே எழுதிக்கொண்டு தெருப்பக்கம் வந்தேன். மூன்றாவதுக்கு மறுபடி உள்ளே, நான்காவதுக்கு மறுபடி வெளியே. ஏர் ஓட்டுகிற மாடு திரும்புவது மாதிரி. ஒவ்வொரு வரிசைக்கும் ஆரம்பத்துக்கு ஓடிவந்து வெறுமனே ஏன் நடக்க வேண்டும் என்ற சோம்பல்தான்.

அடுத்து நானாகவே ஒரு காரியம் செய்தேன். நிறையக் கல்லறைகளின் கால்மாட்டில் கண்ட கண்ட சாமான்கள் கிடந்தன. உடைந்த பீங்கான் தட்டு, கவிழ்த்துச் செருகிய சோடா பாட்டில், துருப்பிடித்த அரிக்கன் விளக்கு, சிப்பிகள், ஒரு செருப்பு. பார்க்கக் குப்பையாக இருந்தது. நான் எழுதப்போகிற அழகான எழுத்துக்குக் கீழே இந்த அலங்கோலமா என்று, வெள்ளையடிக்க வந்தவர்களிடம் சொல்லி எல்லாவற்றையும் வாரி மதில் மூலையில் கொட்டச் சொன்னேன். உபதேசியார்கூட, "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார்.

பழைய தாரைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். நடுவில் மூன்று நாள் விடாத மழை. வெயில் தலை காட்டியதும் நான் பெயிண்டுடன் போய் உட்கார்ந்தேன். தெருப்பக்கம்தான் முதலில் காய்ந்திருந்தது. ஆகையால் நான்கு வரிசையையும் தெருப்பக்கத்து முனையிலிருந்தே ஆரம்பித்து எழுதினேன். நோட்டைப் பார்ப்பேன், எழுதுவேன், நகர்வேன்; சிலுவைக்குக் கீழே மேடு எப்படி இருக்கிறது என்று என் கண் போகவே இல்லை. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் நோட்டில் பெயரும் தீர்ந்தது, தரையில் சிலுவையும் தீர்ந்தது. கணக்குச் சரியாக வந்துவிட்டால் மனசு எவ்வளவு சீக்கிரம் நிம்மதியாகிவிடுகிறது பாருங்கள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். வெள்ளைச் சிலுவையில் கறுப்பு எழுத்து வரிசை வரிசையாகப் பளிச்சென்று நின்றது. எனக்கே என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

திருநாள் அன்று எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். நாலு பேர் என் எழுத்தைப் பார்த்துப் பேசுவதைக் கேட்கும் ஆசை. மாலை நாலு மணி இருக்கும். மழை விட்டு, கடல் காற்று ஈரமாக வந்துகொண்டிருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வந்தார். பின்னால் ஜனங்கள் முணுமுணுவென்று ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் கோயில் பின்வாசல் தூணோரமாகக் கைகட்டி நின்றேன்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தாள். நாற்பது வயது இருக்கும். குப்பத்துக்காரி. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, துவைத்த சேலை கட்டி, கையில் ஒரு முழம் சாமந்தியும் இரண்டு மெழுகுவர்த்தியும் வைத்திருந்தாள். யாரையும் கேட்கவில்லை, எதையும் படிக்கவில்லை. நேராக இரண்டாவது வரிசைக்குப் போய், தெருப்பக்கத்திலிருந்து மூன்றாவது கல்லறையின் முன்னால் நின்றாள். குனிந்து கால்மாட்டில் எதையோ தேடினாள். கட்டை விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். பிறகு சரி போகட்டும் என்பது போல உட்கார்ந்து பூவை எடுத்தாள்.

எனக்கு அந்தச் சிலுவையில் நான் எழுதிய பெயர் நன்றாக ஞாபகம் இருந்தது. அது ஒரு பெண் பெயர். எதற்கும் இருக்கட்டும் என்று கிட்டே போய், "யாருக்கும்மா வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரருக்கு நைனா."

"பேர் என்ன?"

அவள் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரை எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள், அது அந்தக் காலத்து வழக்கம். பக்கத்துக் கல்லறையில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண்தான் பெயரைச் சொன்னாள். நான் விறுவிறுவென்று வரிசையில் நடந்து தேடினேன். ஒன்பதாவது சிலுவையில் அந்தப் பெயர் இருந்தது.

"இங்க இல்லம்மா. இது யாரோ ஒரு பொம்பளையோட கல்லறை. உங்க வீட்டுக்காரர் அதோ அங்க இருக்கார்."

அவள் நம்பவில்லை. "இன்னா நைனா சொல்ற? ஏழு வருசமா இங்கதான வந்துகினு கீறேன். எங்காளுங்கோ எத்தினி பேரு கடல்ல போயி ஒரு எடமே இல்லாம பூட்டாங்கோ. எங்கூட்டுக்காரர கடலு மூணாம் நாளு திருப்பிக் குட்த்துச்சி. எனக்கு மட்டும் போயி ஒக்கார ஒரு எடம்னு கீது. அத்த நா மறப்பனா?"

அதற்கு நான் சொன்ன பதிலை இப்போது எழுதவும் கூசுகிறது. "அம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து இருக்கு பாருங்க. நானே என் கையால எழுதினது. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கறதால உங்களுக்குத் தடுமாறுது" என்றேன். அதட்டவில்லை. நல்லதனமாகத்தான் சொன்னேன். அதட்டியிருந்தால்கூட அவள் எதிர்த்து நின்றிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் சிலுவையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவன் சொல்ற. அப்ப நாந்தான் தப்பா பூட்டேன் போல" என்று பூவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் கூடவே போய் ஒன்பதாவது கல்லறையைக் காட்டினேன். மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் இருக்க என் கையாலேயே மறைத்துப் பிடித்தேன். அவள் அந்தச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு, "மன்ச்சிக்கய்யா, எடம் தெரியாம ஏழு வருசம் எங்கயோ ஒக்காந்துகினு இருந்துட்டேன்" என்று அழுதாள். எழுந்து போகும்போது, மிச்சம் இருந்த ஒரு சாமந்தியை என் கையில் கொடுத்தாள். "நல்லா இருப்ப நைனா. நீ சொல்லலன்னா காலம் பூரா எவ குயியிலயோ வெளக்கு வச்சிகினு கீந்திருப்பேன்" என்றாள்.

எனக்கு மார்பு விரிந்துவிட்டது. ஒரு புண்ணியம் செய்த களிப்போடு சாமந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நாலாவது வரிசைப் பக்கம் நடந்தேன்.

அங்கே ஒரு புருஷனும் பெண்சாதியும் ஒரு கல்லறையின் சிலுவையையே வெறித்துப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். அவர் டிராமில் கண்டக்டர். சட்டையைப் பார்த்ததுமே தெரிந்தது. கையில் ஒரு சின்ன மரப் பொம்மை. அவர்கள் முன்னால் இருந்தது இரண்டடி நீளக் கல்லறை. கைக்குழந்தைக்கு மட்டும்தான் அப்படிக் கட்டுவார்கள். தலைமாட்டுச் சிலுவையில், என்னுடைய அழகான கையெழுத்தில், ஒரு கிழவரின் பெயரும் 'வயது 68' என்பதும் இருந்தது.

முதலில் சிரிப்பு வரப்பார்த்தது. அடுத்த நிமிஷமே பைக்குள் கையை விட்டேன். நோட்டு அதில்தான் இருந்தது. எடுத்துப் பிரித்தேன். நாலாவது வரிசையை மதில்பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் குறித்தது ஞாபகம் வந்தது. எழுதியதோ தெருப்பக்கத்திலிருந்து. வரிசை அப்படியே தலைகீழ். இரண்டாவது வரிசையும் அப்படித்தான். அதில் மொத்தம் பதினோரு கல்லறை. நடுவில் இருந்த ஒன்று மட்டும் என் கையிலிருந்து தப்பித்திருந்தது. மூன்றாவதில் இருக்கவேண்டிய பெயரை நான் ஒன்பதாவதில் எழுதியிருந்தேன்.

கண்டக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, "மன்னிச்சுக்கணும், இது உங்க குழந்தையோட இடம்தான்" என்றேன். "எடத்தை நாங்க மறப்பமா சார்? எழுத்தைப் பாத்துட்டு, குழியத் தோண்டி வேற யாரையாவது வெச்சுட்டாங்களோன்னு பயந்து போனோம்" என்றார் அவர். அவர் பெண்சாதி பொம்மையை வாங்கிக் கல்லறை மேல் வைத்தாள்.

நான் இரண்டாவது வரிசைக்கு ஓடினேன். குப்பத்துக்காரி போய்விட்டிருந்தாள். வாசலுக்கு ஓடினேன். தெருவில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எங்கும் அவளைக் காணவில்லை. ஒன்பதாவது கல்லறையில் மெழுகுவர்த்தி நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது கல்லறை வெறுமையாகக் கிடந்தது.

உபதேசியாரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "காதும் காதும் வெச்ச மாதிரி நாளைக்கு மாத்தி எழுதிடுங்க. சாமியாருக்கு நான் சொல்லிக்கறேன். படிக்கத் தெரியாத சனம், யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தன் பேரும் என் பேரும் கெடாமல் இருக்கட்டும் என்று பார்த்தார். எனக்கும் அந்த யோசனை இனிக்காமல் இல்லை. மயிலாப்பூர் ஒன்றும் பெரிய ஊர் இல்லை. கல்லறையிலேயே ஆளை மாற்றி எழுதியவன் என்று ஒருவன் சொன்னால் போதும், தியாகராய நகரில் ஒரு வாசலில் ஏணி சாத்த முடியாது.

ஆனால் எழுத்தை மாற்றிவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் எழுத்தைப் பார்த்து வருகிறவள் இல்லையே. என் பேச்சை நம்பிப் போனவள். அடுத்த வருஷம் நேராக ஒன்பதாவதுக்குப் போவாள். அதற்கடுத்த வருஷமும் அங்கேதான். உயிரோடு இருக்கும்வரை யாரோ ஒருத்தியின் காலடியில் உட்கார்ந்து புருஷனிடம் பேசிவிட்டு வருவாள். கடல் திருப்பிக் கொடுத்ததை நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதை நினைத்ததும் எனக்கு இரவுச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் குப்பத்துக்குப் போனேன். அவள் பெயர் தெரியாது. நோட்டில் இருந்த அவள் புருஷன் பெயரைச் சொல்லித்தான் விசாரித்தேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். செத்து ஏழு வருஷமானவனைத் தேடி ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? "இன்னா, கோர்ட்டு காயிதமா?" என்று கேட்டார் ஒருவர். இல்லை என்று சத்தியம் பண்ணிய பிறகு கையைக் காட்டினார்.

அவள் மணலில் பாயை விரித்து மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அய்ய, நீயா நைனா? வா, ஒக்காரு" என்றாள். அந்த வரவேற்பு என்னை இன்னும் கொன்றது. உட்காராமல் நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நோட்டில் குறித்த விதம், எழுதிய விதம், அவள் முதலில் உட்கார்ந்ததுதான் சரியான இடம், தப்பு முழுக்க என்னுடையது, எல்லாம்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ராவெல்லாம் தூக்கமில்ல நைனா" என்றாள். "ஏழு வருசமா பேசினதெல்லாம் அந்தாளு காதுல வியல போலன்னு அய்துகினு கெடந்தேன். பொண்ணு கண்ணாலத்த சொன்னது, கட்டுமரத்த வித்தத சொன்னது, எல்லாத்தையும் மறுபடி சொல்லணுமேன்னு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ எய்தினத பாத்த. என் காலு நின்ன எடத்த பாக்கல. அவ்ளோதான்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு அப்போதே என்னோடு புறப்பட்டாள். கோயிலுக்குப் பின்னால் போனதும் மூன்றாவது கல்லறைக்கு நேராகப் போய், கையை வைத்து, "கேட்டுச்சாய்யா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மறுபடியும் கால்மாட்டில் தேடினாள். என்ன தேடுகிறீர்கள் என்றேன்.

"மூணு சிப்பி வச்சிருந்தேன். அடையாளத்துக்கு. படிக்கத் தெரியாதவளுக்கு அதான எய்த்து? எவனோ வாரிகினு பூட்டான்."

அந்த எவனோ நான்தான் என்றேன். அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும். மதில் மூலைக்குக் கூட்டிப்போனேன். மழையில் நனைந்து கிடந்த அந்தக் குவியலின் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து கிளறினோம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னார் வீட்டுத் தட்டு, இது இன்னார் விளக்கு, இந்தச் செருப்பு பிள்ளையைப் பறிகொடுத்த இன்னாருடையது என்று சொல்லிச் சொல்லித் தனித்தனியாக வைத்தாள். நான் குப்பை என்று கொட்டியது முழுவதும் யாரோ யாருக்கோ எழுதி வைத்த பெயர்கள். அவள் சிப்பியில் இரண்டு கிடைத்தது. மூன்றாவதை எவ்வளவு தேடியும் காணோம். "ரெண்டு போதும், வுடு" என்று அவளே எழுந்தாள்.

அன்று பகல் முழுவதும் இரண்டாவது வரிசையையும் நாலாவது வரிசையையும் சுரண்டித் திருப்பி எழுதினேன். இந்தத் தடவை நோட்டை மட்டும் நம்பவில்லை. குப்பத்திலிருந்து இன்னும் மூன்று நான்கு பெண்களை அவள் கூப்பிட்டு வந்திருந்தாள். ஒவ்வொரு சிலுவைக்கும் முன்னால் நின்று யார் என்று அவர்கள் சொல்ல, நோட்டோடு ஒத்துப் பார்த்து, அதற்குப் பிறகே பிரஷைத் தொட்டேன். ஒரு இடத்திலும் அவர்கள் தவறவில்லை. ஒன்பதாவது கல்லறைக்கு வந்தபோது, அது பங்களாவில் ஆயாவாக இருந்த ஒரு கிழவி, சொந்தக்காரர் என்று யாரும் இல்லை என்றார்கள். அங்கே குப்பத்துக்காரி முந்தின நாள் ஏற்றிய மெழுகு உருகிப் படிந்திருந்தது. அதைச் சுரண்டப் போனேன். அவள் தடுத்துவிட்டாள். "அது அந்த ஆயாவுக்கே இருந்துட்டுப் போவட்டும். இன்னொரு தபா யாரு வந்து வைக்கப் போறா?" என்றாள்.

மூன்றாவது கல்லறையைக் கடைசியாக எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிதானமாக ஒரு பெயரை எழுதியதில்லை. எழுதி முடித்து விலகியதும் அவள் முன்னால் வந்து, ஈரம் காயாத எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதான் அவரு பேரா?"

"ஆமாம்மா."

"நா சொல்லக் கூடாது. படிக்கவும் தெரியாது. நீ படி நைனா, நா கேக்கறேன்."

நான் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. பெரிய எழுத்துக்குக் கை நடுங்குகிறது. ஆனாலும் கேட்டு வருகிறவர்களுக்குச் சின்னச் சின்னப் பலகைகள் எழுதிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் எழுத்து அழகு என்று யாராவது சொன்னால் அந்தச் சாமந்திப்பூ ஞாபகத்துக்கு வந்து தலை குனிந்துவிடுகிறது. எந்தப் பெயரை எழுதி முடித்தாலும், அதற்கு உரியவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, வாய்விட்டு ஒரு தடவை படித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டுவதைப் பார்த்த பிறகுதான் இன்றுவரை நான் பிரஷைக் கழுவுகிறேன்.